மூன்றுக்கு ஒன்று

வெள்ளைத் தட்டில் கொட்டிய துப்பாக்கி மருந்தில் இரண்டு நீளம் தெரிந்தது. ஆர்லோ சேத்தர் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். இடது கண்ணில் புரை விழத் தொடங்கி ஒரு வருஷமாகிறது. மிசூலா நகரத்து டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியை ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பவர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, தட்டை ஜன்னலடிக்கு நகர்த்தினார். ராத்திரி பெய்த பனியில் வெளியே எல்லாம் வெளுத்துக் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் எதையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரிய துப்பாக்கிக்கு உரிய மருந்து, சேமியாவை ஒடித்துப் போட்டது மாதிரி நீளநீளமாக, சாம்பல் கலந்த கறுப்பில் இருந்தது. அதற்கு நடுவே அதே கறுப்பில், பாதி நீளத்தில், பொடிசாக வேறொன்று. குண்டூசியால் பொடிசுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஒதுக்க ஒதுக்க வந்துகொண்டே இருந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த இன்னொரு டப்பாவை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தார். நரிகளை விரட்டுகிற சின்னத் துப்பாக்கிக்கான மருந்து அது. இருக்க வேண்டிய கனம் அதில் இல்லை. டப்பாவை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

இந்தத் தொழில் தெரிந்த எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தரப்படுவது ஒன்று உண்டு. மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். பெரிய தோட்டாவின் பித்தளை உறைக்குப் போடுவது மெதுவாக எரியும் மருந்து. கனத்த குண்டைத் தள்ளிக்கொண்டே குழாயின் நீளம் முழுக்க எரிந்து போகும். சின்ன உறைக்குப் போடுவது சட்டென்று பற்றுவது. சின்னதற்கு உரியதைப் பெரியதில் நிரப்பினால் குண்டு நகர்வதற்குள் அவ்வளவும் எரிந்து, வெளியேற வழியில்லாமல், பின்பக்கம் வழி தேடும். பின்பக்கம் இருப்பது சுடுகிறவனின் முகம். ஆர்லோ இதை எத்தனையோ பேருக்குச் சொன்னவர். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் மேசையில் இரண்டு டப்பா வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவன் வீட்டில் காபி குடிக்காமல் எழுந்து வந்தவர்.

போன சனிக்கிழமை இந்த மேசையில் இரண்டு டப்பா இருந்தன. அன்று நிரப்பிய இருபது தோட்டாக்களையும் லீஃப் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

*

லீஃப் அவர் தம்பி. அறுபத்தாறு வயதுத் தம்பி. மர ஆலையின் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடையில் எந்தத் தோட்டா வாங்கினாலும் நுழையாத துப்பாக்கிகள் உலகத்தில் இரண்டு இருந்தன. ஒன்று ஆர்லோவிடம், ஒன்று லீஃபிடம். எங்கும் விற்காத, ஆளே தன் கைப்படச் செய்துகொள்ளும் இந்தமாதிரித் தோட்டாவைக் காட்டுப்பூனை என்பார்கள். அண்ணனும் தம்பியும் நடுவயதில், குழந்தைகள் வீட்டைவிட்டுப் போன பிறகு, பெற்றுக்கொண்ட பூனை அது. யானைக்கென்று என்றோ செய்யப்பட்ட ஒரு பழைய உறையை எடுத்து, கழுத்தைத் திருத்தி, தோளை மேலே தள்ளி, உள்ளே இன்னும் கொஞ்சம் மருந்துக்கு இடம் பண்ணினார்கள். முதல் தடவை சுடும்போது பித்தளை உறை விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை எப்படியோ அப்படி உருவம் எடுத்துக்கொள்ளும். அந்த அறையைக் குடைகிற கருவியை லீஃப் பட்டறையில் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கடைந்தான். எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு, எத்தனை வேகம், முந்நூறு கஜத்தில் எவ்வளவு தாழும் என்கிற கணக்கெல்லாம் ஆர்லோவுடையது. சரளைக் குழியில் சுட்டுச் சுட்டு இருவர் தோளும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. சுட்ட உறையின் அடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, பிரைமர் என்கிற பொறிமூடி தட்டையாகிவிட்டதா, துப்பாக்கியின் போல்ட்டு இறுகுகிறதா என்று சண்டை போடுவார்கள். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. "மானச் சுடப் போறீங்களா, இல்ல ரயில நிறுத்தப் போறீங்களா?" என்பார்கள். இரண்டு பேருக்கும் அதில் பெருமைதான்.

பிறகு ஆர்லோ ஒரு வேட்டைப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். தோட்டாவுக்கு 416 சேத்தர் என்று பெயர் வைத்திருந்தார். கட்டுரை முழுக்க நான் நினைத்தேன், நான் செய்தேன், நான் சுட்டேன் என்றுதான் இருந்தது. ஒற்றை ஆள் போட்டோ வேறு. எழுதும்போது அவர் மனசில் வஞ்சனை எதுவும் இல்லை. அவர் அப்படித்தான் பேசுவார், அப்படியே எழுதிவிட்டார். லீஃப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தின் மேல் வந்து நின்றது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இதுல சேத்தர்னு போட்டிருக்கே, எந்த சேத்தர்?"

"ஏன்டா, உன் பேரும் அதானே."

"அப்போ போட்டோல நான் எங்க இருக்கேன்? மரத்துக்குப் பின்னாடியா?"

ஆர்லோ சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டார். லீஃப் வண்டிக்குப் போய், உறையைத் திருத்தி அழுத்துகிற தன் அச்சு ஜோடியை எடுத்து வந்து, பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தான். அது இல்லாமல் ஒரு தோட்டாகூடச் செய்ய முடியாது. அத்தனை ஆசையாகச் செய்த துப்பாக்கி அந்த நிமிஷத்தோடு வெறும் தடியாகிவிட்டது. வண்டியில் ஏறப் போனவன் திரும்பி ஒன்று சொன்னான்.

"மலையில நீ மூணு வெடி வெடிச்சாலும் இனி நான் பதிலுக்கு ஒண்ணு வெடிக்க மாட்டேன். செத்துக் கெட."

மூன்று வெடி என்றால் ஆபத்து, வா என்று பொருள். கேட்டவன் ஒரு வெடி பதில் கொடுக்க வேண்டும். காதில் விழுந்தது, வந்துகொண்டிருக்கிறேன் என்பது அதற்கு அர்த்தம். அவர்கள் அப்பா, பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். எதிரியாக இருந்தாலும் பதில் வெடிக்கும் ஊர் அது. கூடப் பிறந்தவன் அப்படிச் சொன்னதை ஆர்லோவால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம். தேவாலயத்தில் ஆளுக்கொரு ஓரம். மளிகைக் கடையில் ஒருவன் வண்டி நின்றால் மற்றவன் நேரே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஆர்லோவின் மனைவி பெர்னிஸ் செத்தபோது லீஃப் வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனான்.

*

இந்தக் கோடையில் லீஃபுக்கு வேட்டை அனுமதிக் குலுக்கலில் மூஸ் என்கிற பெரிய மான் விழுந்தது. பல்லெல்லாம் இருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் மனுப் போட்டு வந்தவனுக்கு, மூச்சு வாங்கத் தொடங்கிய வயதில் அனுமதிச் சீட்டு வந்தது. வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைக்கும். சாதாரணத் துப்பாக்கி ஒன்று அவனிடம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மூஸுக்கென்று மனசுக்குள் அவன் எடுத்து வைத்திருந்தது பூனையைத்தான். மனைவி டோரீன் ஒரு நாள் ஹக்கில்பெரிக் காட்டுப்பழம் வைத்த பெரிய அப்பம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு ஆர்லோ வீட்டுக்கு வந்தாள். அப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமலே சொன்னாள்.

"அவரு கேக்க மாட்டாரு ஆர்லோ. நான்தான் கேக்கறேன். இருபது தோட்டா. அவரு அனுப்பலைன்னு வேற சொல்லச் சொன்னாரு."

ஆர்லோ அன்றைக்கு அப்பம் முழுவதையும் தனியாகவே தின்று தீர்த்தார். அத்தனை சந்தோஷம்.

உறைகளை அவர் தயார் பண்ணியதைப் பெர்னிஸ் இருந்து பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாள். கல்யாண மோதிரத்துக்குக்கூட அவர் இவ்வளவு பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் கழுத்தையும் விரலில் உருட்டி, வாயைச் சுரண்டி, பளபளவென்று துடைத்து வரிசையாக நிறுத்தினார். சனிக்கிழமை காலையில் பெரிய மருந்து டப்பாவையும் ஆசையோடு மேசைக்கு எடுத்து வைத்தார். மதியம்வரை பொழுதைப் போக்கச் சின்னத் துப்பாக்கிக்குக் கொஞ்சம் நிரப்பலாமே என்று அந்த மருந்தை அளவைக் கருவியின் குப்பியில் ஊற்றினார். நாலைந்து நிரப்பியிருப்பார். வாசலில் சரளைக்கல் நெரிபடும் சத்தம் கேட்டது. லீஃபின் வண்டி. அவனே வந்துவிட்டான்.

அந்த நிமிஷத்தை ஆர்லோ இப்போது முக்காலியில் உட்கார்ந்தபடி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். மேசையை அவசரமாக ஒழுங்குபடுத்தினார். குப்பியில் மிச்சமிருந்த சின்ன மருந்தைக் கையெட்டிய டப்பாவில் கொட்டினார். கை எட்டியது பெரிய டப்பா. கொட்டும்போது அவர் கண் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லீஃப் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தான். "மேசை மாறவேயில்ல," என்றான். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு சொன்ன முதல் வார்த்தை. ஆர்லோ, "காலு ஒண்ணு ஆடுது. பொடிக்கட்டை வச்சிருக்கேன்," என்றார். அதற்குப் பிறகு பேச்சு வேட்டையிலும் வானிலையிலும் லீஃபின் ஹெட்டி என்கிற கோவேறு கழுதையிலும் போயிற்று. கழுத்து மணியைக் கட்டிய அந்தக் கழுதையை மலையிலிருந்து இறக்கும் வழி முழுக்க லீஃப் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வருவான். கரடிக்கு எச்சரிக்கை என்பான். "என்னத் திட்ட முடியாததை எல்லாம் அதுகிட்ட திட்டித் தீத்துட்டு வராரு," என்பாள் டோரீன். பேசிக்கொண்டே ஆர்லோ பெரிய டப்பாவிலிருந்து மருந்தை ஊற்றி, ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து நிரப்பி, குண்டை அழுத்திக் கொடுத்தார். தராசு சரியாகத்தான் சொன்னது. கனம் சரி, உள்ளே இருந்தது வேறு. லீஃப் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, கைக்கு வந்தபடி பெட்டியில் செருகினான். மேலே மிதந்த சின்ன மருந்து முதலில் நிரப்பியவற்றில்தான் அதிகம் போயிருக்கும். நாலோ, ஐந்தோ. அவை பெட்டியில் எந்த மூலையில் இருக்கின்றன என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் லீஃப் ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு, பெருசு," என்றான். சின்ன வயசில் கூப்பிட்ட பேர். வண்டியில் ஏறும்போது ஏதோ கிண்டல் சொன்னான், ஆர்லோ வாய்விட்டுச் சிரித்தார். வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, சின்ன டப்பாவை அதன் இடத்தில் வைத்தார். அதன் கனம் குறைந்திருப்பது கைக்குத் தெரியாத அளவுக்கு அவர் சந்தோஷமாக இருந்தார்.

*

டோரீன் இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தாள்.

"அவன் கெளம்பிட்டானா?"

"முந்தாநாளே போயாச்சு ஆர்லோ. காட்ஃப்ரே ஓடைக்கு. ஏன், கூடப் போகலன்னு வருத்தமா?" சிரித்தாள். "குழியில மூணு சுட்டுப் பார்த்தாரு. மூணும் ஒரே எடத்துல. ராத்திரி சாப்பிடும்போதுகூட அதே பேச்சுதான், காது புளிச்சிருச்சு."

மூன்றும் நல்லவை. அப்படியென்றால் மிச்சமிருப்பதில் கெட்டவற்றின் பங்கு இன்னும் கூடிவிட்டது. கணக்கு அவர் தலைக்குள் தானாக ஓடியது. அந்தக் கணக்குப் புத்தியை அவர் முதல் முறையாக வெறுத்தார்.

"டோரீன், அந்தத் தோட்டாவ அவன் சுடக் கூடாது. மருந்து மாறிப் போச்சு. எல்லாத்துலயும் இல்ல. சிலதுல. எதுலன்னு தெரியல."

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"சுட்டா?"

வேட்டைக்காரன் பெண்டாட்டிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

"வேணும்னே செஞ்சீங்களா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"டோரீன்!"

"நான் கேக்கல. கேக்கலைன்னு வச்சுக்குங்க. தேடற ஆளுங்களுக்கு நான் போன் பண்றேன். நீங்க வண்டிய எடுங்க. ஆர்லோ, வண்டிய எடுங்க!"

பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சங்கிலி கட்டி, ஆற்றோரமாக மேலே ஓட்டும்போது அந்தக் கேள்விதான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது. ஊர் கேட்கும். கேட்காமல் எப்படி இருப்பார்கள்? அத்தனை வருஷம் முகத்தைப் பார்க்காதவன், கேட்டவுடன் இருபது தோட்டா செய்து கொடுத்தானாம். ஒரு தப்புப் பண்ணாத ஆர்லோ சேத்தர், மேசையில் இரண்டு டப்பா வைத்தானாம். யார் நம்புவார்கள்? தனக்குள்ளேயே தேடிப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை மனசின் அடியில் எங்காவது ஒரு பொட்டு வன்மம் கிடந்ததா? கிடைக்கவில்லை. அன்பைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அன்புதான் கண்ணைக் கதவுப் பக்கம் திருப்பியது என்பதை நினைத்தபோது, ஓட்டிக்கொண்டே வாய்விட்டு அழுதார். வன்மம் இருந்திருந்தால் கவனமாக இருந்திருப்பார்.

பாதை முடியும் இடத்தில் லீஃபின் வண்டியும் கழுதையை ஏற்றிவரும் இழுவைப் பெட்டியும் நின்றன. மேலே முழங்கை ஆழத்துக்குப் பனி. வண்டியின் கண்ணாடியில் ஆர்லோ ஒரு காகிதம் எழுதி ஒட்டினார்: சுடாதே. எழுதிய பிறகுதான், சுட்டு முடித்தவன்தான் வண்டிக்குத் திரும்பி வருவான் என்று உறைத்தது. கிழிக்காமல் விட்டுவிட்டார். தேடும் ஆட்கள் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து குதிரைகளோடு வர வேண்டும். சாயங்காலமாகும் என்று டோரீன் சொல்லியிருந்தாள். பனி மேகம் கவிந்திருந்ததால் ஹெலிகாப்டர் கிளம்பாது. தன் காட்டுப்பூனைத் துப்பாக்கியையும் போன வருஷம் நிரப்பிய பழைய தோட்டா ஐந்தையும் எடுத்துக்கொண்டார். மலைக்குப் போகிறவன் துப்பாக்கி இல்லாமல் போவதில்லை. எடுத்தபோது அதற்கு மேல் எதையும் அவர் யோசிக்கவில்லை.

*

இடுப்பு மூட்டு கம்பிபோட்டுச் சேர்த்தது. சமதரையில் மளிகைக் கடைவரை நடக்க அது போதும். லார்ச் மரங்கள் மஞ்சள் ஊசி இலைகளைப் பனிமேல் கொட்டிக்கொண்டிருந்தன. தடம் எதுவும் இல்லை. கழுதையின் குளம்பு பட்ட இடமெல்லாம் ராத்திரியே மூடிப் போயிருந்தது. ஐம்பது அடிக்கு ஒரு முறை நின்று "லீஃப்" என்று கத்தினார். பனி விழும் காட்டில் குரல் அடுத்த மரத்தைத் தாண்டாது. அது தெரிந்தும் கத்தினார். ஒவ்வொரு நிமிஷமும், இப்போது, இப்போது என்று காது மேலேயே இருந்தது. ஒரு மரம் பனிப்பாரம் தாங்காமல் படீரென்று ஒடிந்தபோது, அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு கிளையைப் பிடித்து எழுந்தார்.

ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. இடது கிளை சதுப்புக்குப் போகும். வலது கிளை ஏரிக்கு. மூஸ் இரண்டிலும் இருக்கும். லீஃப் எதில் போனான் என்று அவருக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருந்த காலமாக இருந்தால் தெரிந்திருக்கும். இடதுபக்கம் நாலு எட்டு வைத்தார். திரும்பி வலதுபக்கம் வந்தார். இடுப்பு அதற்கு மேல் ஒரு அடியும் தராது என்று சொல்லிவிட்டது. ஒரு பாறையில் சாய்ந்தார். அழைத்து வர வேண்டும். நான் போக முடியாது என்றால் அவன்தான் வர வேண்டும். ஆபத்தில் இருப்பவன் என்ன செய்வான்? அறிவு அதற்கு மேல் போகவில்லை, கைதான் போயிற்று. சின்ன வயதிலிருந்து பழகிய கை. தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி, வானத்தைப் பார்த்து வெடித்தார். போல்ட்டை இழுத்துத் தள்ளி மறுபடி வெடித்தார். மறுபடி.

மூன்றாவது ஓசை எதிர்மலையில் முட்டி, மலைமலையாக உருண்டு போய் அடங்கியது. சுட்ட உறைகள் மூன்றும் பனியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தன. தோளைத் தேய்த்துக்கொண்டே, கேட்டிருக்கும், இனி வந்துவிடுவான் என்று நினைத்தார். நல்ல வேலை செய்துவிட்டதாகக்கூட ஒரு கணம் தோன்றியது.

அப்போதுதான் சனிக்கிழமை வண்டியில் ஏறும்போது லீஃப் சொன்ன கிண்டல் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோட்டாப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, அவரைப் பார்க்காமலே சொன்னான்.

"இனிமே நீ மூணு வெடிச்சா, பதிலுக்கு ஒண்ணு வெடிக்கணும் போலிருக்கே, பெருசு. தோட்டா இல்லன்னு சாக்குச் சொல்ல முடியாது."

அதற்குத்தான் ஆர்லோ அன்று அப்படிச் சிரித்தார்.

"சுடாதே!" என்று கத்தினார். "லீஃப், சுடாதடா! டேய், பொடியா, வேண்டாம்டா!" தொண்டை கிழியக் கத்தினார். பனி அமைதியாக விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு முறை வெடித்துத் தடுக்கலாமா? நாலு வெடிக்கு என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் கிடையாது. அவனுக்கு இன்னும் அவசரமாகத்தான் தோன்றும். துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கோபமா இருடா, என்று வேண்டினார். அந்தப் பாலத்துல இருந்த மாதிரியே இருடா. அத்தனை வருஷக் கோபத்தில் ஒரு நிமிஷம் மிச்சம் வைத்திருந்தால் போதும். இவனும் இவன் போட்டோவும் என்று காறித் துப்பிவிட்டு உன் வேலையைப் பார். எத்தனையோ ராத்திரி எந்தத் தம்பி ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டானா என்று ஏங்கினாரோ, அந்தத் தம்பி பேசாமல் இருக்க வேண்டும் என்று பாறையைப் பிடித்தபடி நின்றார்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஜே பறவை மரத்துக்கு மரம் தாவியது. மூச்சை விடலாம் என்று தோன்றியது.

வலது கிளையிலிருந்து வெடி வந்தது. ஒன்று.

பதில் சொல்லிவிட்டான். மன்னித்துவிட்டான். அதில் சந்தேகம் இல்லை.

தன் பூனையின் குரல் ஆர்லோவுக்கு உறக்கத்திலும் தெரியும். தும் என்று எழும்பி, வெகுதூரம் முணுமுணுத்துக்கொண்டே போகும், இப்போது அவர் வெடித்த மூன்றும் அப்படித்தான் போயின. இது அப்படிப் போகவில்லை. ஒரு தகரத்தை அறைந்த மாதிரி வந்து, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பனியாக இருக்கலாம். நடுவில் மேடு இருக்கிறது. காற்று எதிர்ப்பக்கமாக இருக்கலாம். வயசாகிவிட்ட காது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வலது கிளையில் ஏறத் தொடங்கினார். நடந்தார், விழுந்தார், கையை ஊன்றித் தவழ்ந்தார். துப்பாக்கி அங்கேயே கிடந்தது. கையுறை ஒன்று எங்கோ கழன்று போயிற்று. கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. விழுந்து கிடந்த ஒரு பெரிய மரம் பாதையை மறித்திருந்தது. அதைத் தாண்டக் காலைத் தூக்கினார், தூக்க முடியவில்லை. அதன்மேல் மார்பைச் சாய்த்துக்கொண்டு கிடந்தார்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, வெளிச்சம் நீலமாகத் தொடங்கியபோது மேலே மணி கேட்டது. சின்ன மணி. ஹெட்டியின் கழுத்து மணி. கழுதை இறங்கி வருகிறது. மரங்களுக்கு இடையில் அவர் கண்ணுக்கு வெள்ளையும் சாம்பலும் தவிர எதுவும் பிடிபடவில்லை. மணி ஒரு திருப்பத்தில் மங்கி, அடுத்த திருப்பத்தில் தெளிந்தது. அவசரமில்லாமல், வழி தெரிந்த மிருகத்தின் நடையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்துகொண்டிருந்தது. ஆர்லோ கம்பளிக் குல்லாவைக் கழற்றிவிட்டு, நல்ல காதை மேட்டுப்பக்கம் திருப்பி, மணிக்கு நடுவே, லீஃப் ஹெட்டியைத் திட்டிக்கொண்டு வர வேண்டிய அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்.